அன்னத்தின் அலகை வரைந்தவர்: பீட்டர் ஸ்காட்டின் கதை

கொஞ்ச நாளா ராஜாக்கள், போர்கள், கோட்டைகள்னு சுத்திட்டு இருந்தோம். இந்த எபிசோட்ல ஒரு ஓவியரைப் பத்திப் பேசலாம். பேரு சர் பீட்டர் ஸ்காட். இங்கிலாந்துக்காரர். இவர் பேரை நீங்க கேள்விப்பட்டிருக்காம இருக்கலாம். ஆனா இவர் வரைஞ்ச ஒரு படத்தைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. டபிள்யூ.டபிள்யூ.எஃப் அமைப்போட அந்தக் கறுப்பு வெள்ளை பாண்டா இருக்கே, அதோட முதல் லோகோவை வரைஞ்சவர் இவர்தான்.

அந்தப் பாண்டாவைப் பத்தி ரொம்பப் பேசப் போறதில்ல. என்னைப் பொறுத்தவரை இவரோட முக்கியமான படங்கள் வேற. ஆயிரக்கணக்கான பவுனுக்கு வித்த பெரிய எண்ணெய் ஓவியங்களும் இல்ல. ஒரு ஃபைல்ல வரிசையா அடுக்கி வெச்சிருந்த சின்னச் சின்ன படங்கள். ஒவ்வொண்ணும் ஒரு அன்னப்பறவையோட மூஞ்சி. அந்த ஃபைலுக்குப் போறதுக்கு முன்னாடி, இந்த ஆள் பறவையைப் பார்க்கக் கத்துக்கிட்ட விதத்தைச் சொல்லணும். கத்துக்கிட்டது துப்பாக்கி முனையிலிருந்து.

அப்பாவிலிருந்து ஆரம்பிக்கலாம். தென் துருவத்துக்குப் போய் உயிர் விட்ட கேப்டன் ராபர்ட் ஸ்காட் தெரியும்ல? 1912 ஜனவரி 17 அன்னிக்குத் தென் துருவத்தைத் தொட்டவர். அங்க போய்ப் பார்த்தா நார்வேக்காரர் அமுண்ட்சென் அஞ்சு வாரம் முன்னாடியே வந்துட்டுப் போயிருந்தார். திரும்பி வர்ற வழியில பனிப்புயல்ல மாட்டி, கூடாரத்துக்குள்ளேயே இறந்துட்டார். கடைசி நாட்கள்ல மனைவி கேத்லீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். முடிஞ்சா பையனுக்கு இயற்கையில ஆர்வம் வர வை, விளையாட்டை விட அது நல்லதுங்கிற அர்த்தத்துல ஒரு வரி அதுல இருக்கு. அந்தப் பையன்தான் பீட்டர். 1909 செப்டம்பர் 14 அன்னிக்குப் பொறந்தவர். அப்பா இறந்தப்போ ரெண்டரை வயசு.

நாடே கண்ணீர் விட்ட ஒரு ஹீரோவோட மகனா வளர்றது சாதாரண விஷயம் இல்ல. ஞானத்தந்தை யார்னா, பீட்டர் பேன் கதையை எழுதின ஜே.எம்.பாரி. பையனுக்குப் பேரே அங்கிருந்து வந்ததுதான். அம்மா கேத்லீன் ஒரு சிற்பி. அதனால அப்பா சொன்ன இயற்கையும், அம்மாவோட கலையும் வீட்டுக்குள்ளேயே கிடைச்சது.

ஆனா கேம்பிரிட்ஜ்ல படிக்கும்போது அவருக்கு இயற்கை மேல இருந்த ஆர்வம் என்ன வடிவத்துல வந்துச்சுன்னா, வேட்டை! அதுவும் வெறித்தனமா. இங்கிலாந்தோட கிழக்குக் கரையில வாஷ்னு ஒரு பெரிய சேத்துக் கழிமுகம் இருக்கு. குளிர்காலத்துல ஆர்க்டிக் பக்கத்திலிருந்து கூஸ்கள் ஆயிரக்கணக்குல அங்க வந்து இறங்கும். (தமிழ்ல டக், கூஸ் ரெண்டையும் நாம வாத்துன்னே சொல்லிடுவோம். இந்தக் கதைக்கு ரெண்டும் வேற வேற, அதனால கூஸ்னே வெச்சுக்கறேன்.) விடியறதுக்கு முன்னாடி போய் அந்தச் சேத்துல படுத்துக் காத்திருக்கணும். இன்னும் தீவிரமானவங்க தட்டையான ஒரு படகுல குப்புறப் படுத்துக்கிட்டு, படகு மேலேயே பொருத்தின பெரிய துப்பாக்கியோட மெதுவா நகர்ந்து போவாங்க. பன்ட் கன்னுன்னு பேர். ஒரே வெடியில பல பறவைகள் விழும். ஸ்காட் இதையெல்லாம் செஞ்சவர், ரசிச்சு செஞ்சவர்.

வேட்டைக்காரனுக்குத் தேவையான பார்வை எதுன்னு யோசிச்சுப் பாருங்க. அரை இருட்டு. மூடுபனி. தூரத்துல ஒரு வரிசை புள்ளிகள். அது எந்த இனம், எந்த உயரம், எந்தப் பக்கம் திரும்பப் போகுது, எல்லாத்தையும் ரெண்டு மூணு நொடியில முடிவு பண்ணணும். இதை வருஷக்கணக்கா செஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு வந்து பிரஷ்ஷைக் கையில எடுத்தா என்ன வரைவார்? விடியற்கால வானம், அதுல சரம் சரமா பறக்கற கூஸ்கள். ஸ்காட் வாழ்நாள் முழுக்க வரைஞ்சது பெரும்பாலும் இதைத்தான்.

கேம்பிரிட்ஜ் முடிச்சு, மியூனிக்லயும் லண்டன் ராயல் அகாடமியிலயும் ஓவியம் படிச்சார். 1933ல லண்டன் ஆக்கர்மன் கேலரியில அவரோட கண்காட்சி நடந்தது. படங்கள் நல்லா வித்துச்சு. அதே வருஷம் நீன் ஆறு கடல்ல கலக்கற இடத்துல, யாரும் இல்லாத ஒரு பழைய லைட்ஹவுஸ்ல போய்க் குடியேறினார். பக்கத்துல குளம் வெட்டி உயிரோட கூஸ்களை வளர்க்க ஆரம்பிச்சார். பகல்ல வரையறது, விடியற்காலை சுடறது, சாயங்காலம் வளர்க்கறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்றது. மூணும் ஒரே ஆள்! லைட்ஹவுஸ்ல தனியா வாழற ஓவியர்ங்கிற இந்தப் படிமத்தை வெச்சுத்தான் அமெரிக்க எழுத்தாளர் பால் காலிகோ 'தி ஸ்னோ கூஸ்'ங்கிற கதையை எழுதினார். நடுவுல 1936 ஒலிம்பிக்ஸ்ல பாய்மரப் படகுப் போட்டியில வெண்கலம் வேற. சில பேருக்கு ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் இருக்குமோ தெரியல.

என் ஆர்ட் அபிப்பிராயத்தையும் சொல்லிடறேன். அந்த வானங்கள் அழகா இருக்கும். ஆனா பத்துப் படம் பார்த்தா பதினொண்ணாவது என்னன்னு ஊகிச்சிடலாம். நம்ம ஊர்ல காலண்டர் படம்னு ஒரு வார்த்தை சொல்லுவோமே, கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். அதனாலதான் அவரோட ஓவியத்தை மட்டும் வெச்சுப் பேசினா கதை சீக்கிரம் முடிஞ்சிடும். அந்தக் கண்ணை வெச்சு வேற என்னெல்லாம் செஞ்சார்ங்கிறதுதான் நமக்கு விஷயம்.

முதல்ல போர். இரண்டாம் உலகப் போர்ல கடற்படையில சேர்ந்தார். அப்போ போர்க்கப்பல்னா அடர்ந்த சாம்பல் நிறம். ராத்திரியில கறுப்பா இருந்தாதானே மறையும்னு எல்லாரும் நினைப்போம். ஸ்காட் இல்லைன்னார். மேகம் மூடின ராத்திரியில கூட வானம் கடலை விட வெளிச்சம். அதுக்கு முன்னாடி அடர்நிறக் கப்பல் நிழல் மாதிரி துருத்திக்கிட்டுத் தெரியும். வெள்ளையும் வெளிர் நீலமும் பச்சையும் அடிச்சா கரைஞ்சு போகும். வாத்து வேட்டைப் படகுகளுக்கு வெளிர் நிறம் அடிக்கறதும் இதே காரணத்துக்குத்தான். 1940ல அவர் இருந்த 'ப்ரோக்' கப்பலுக்கு இப்படி அடிச்சார். அது ஒரு ராத்திரி இன்னொரு பிரிட்டிஷ் கப்பலோட மோதிச்சு. அவங்க சொன்ன காரணம், கண்ணுக்கே தெரியல! டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சுன்னு சந்தோஷப்படறதா, திட்டறதான்னு தெரியாத நிலைமை. அட்லாண்டிக்ல அந்தத் திட்டத்தைப் பல கப்பல்களுக்குப் பயன்படுத்தினாங்க. அப்புறம் சின்னப் போர்ப் படகுகளுக்குத் தலைமை தாங்கி வீரப் பதக்கமும் வாங்கினார்.

போர் முடிஞ்சது. 1945 டிசம்பர்ல செவர்ன் ஆத்தோரம் ஸ்லிம்பிரிட்ஜ்ங்கிற ஊருக்குப் போனார். போர்க் காலத்துல கட்டின ஒரு கான்கிரீட் பதுங்கு குழிக்குள்ள உட்கார்ந்து, ஓட்டை வழியா கூஸ் கூட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தார். எல்லாம் வெள்ளை நெத்தி கூஸ்கள். அந்தக் கூட்டத்துக்குள்ள ஒண்ணு மட்டும் கொஞ்சம் சின்னது. நெத்தி வெள்ளை உச்சந்தலை வரைக்கும் ஏறுது. கண்ணைச் சுத்தி மஞ்சள் வளையம். அது பிரிட்டன்ல ரொம்ப அபூர்வமா பார்க்கற சின்ன வெள்ளை நெத்தி கூஸ். வேற இனம். எத்தனையோ ஒரே மாதிரி தலைகளுக்கு நடுவுல ஒரு மஞ்சள் வளையத்தைப் பிடிச்சது அந்தக் கண்ணு. இங்கதான் என் ஆராய்ச்சி மையம்னு அப்பவே மனசுல முடிவு பண்ணிட்டார். 1946 நவம்பர்ல அதே ஊர்ல செவர்ன் வைல்ட்ஃபவுல் டிரஸ்ட் உருவாச்சு. இன்னிக்கு டபிள்யூ.டபிள்யூ.டி.

துப்பாக்கி என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அதுவும் ஒரே நாள்ல விடலை. சினிமாவுல வர்ற மாதிரி ஒரு சீன்ல மனம் மாறிட்டார்னு நிறைய இடத்துல எழுதறாங்க. அவ்வளவு சுத்தமா இல்ல. ஆனா அவரே திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்த்த ஒரு சம்பவம் உண்டு. சுடுபட்ட ஒரு கூஸ் சேத்துல விழுந்து கிடந்தது. ஆள் நடந்து போனா அமுங்கிடற சேறு. போய் எடுக்கவும் முடியாது, ஒரேயடியா கொல்லவும் முடியாது. மறுநாளும் அது உயிரோட அங்கேயே கிடந்தது. ஒரு உயிருக்கு இதைச் செய்ய நமக்கு என்ன உரிமைன்னு அப்போ தோணின கேள்வி உள்ள தங்கிடுச்சு. போருக்கு அப்புறம் வந்த வருஷங்கள்ல துப்பாக்கியைக் கீழ வெச்சிட்டார்.

இப்போ ஹவாய்க்குப் போகலாம். அங்க மட்டுமே வாழற ஒரு கூஸ் இருக்கு. நேநேன்னு பேர். 1950 வாக்குல காட்டுல மிச்சம் இருந்தது சுமார் 30. வேட்டை ஒரு காரணம். இன்னொண்ணு கீரி. ஆமா, நம்ம ஊர்க் கீரிதான்! கரும்புத் தோட்டத்துல எலியைப் பிடிக்கும்னு நம்பி, கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்கும், 1883ல அங்கிருந்து ஹவாய்க்கும் கொண்டு போனாங்க. எலி ராத்திரி நடமாடும், கீரி பகல்ல. ரெண்டும் சந்திச்சுக்கறதே அபூர்வம். கீரி தரையில கூடு கட்டற பறவைகளோட முட்டையைச் சாப்பிட ஆரம்பிச்சது.

ஸ்காட்டோட டிரஸ்ட் ஒரு ஆளை ஹவாய்க்கு அனுப்பி, அங்க வளர்ப்புல இருந்த நேநேயில ஒரு ஜோடியை ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொண்டு வந்தாங்க. ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எல்லாரும் ஆவலா காத்திருந்தாங்க. அடுத்த வசந்தத்துல முட்டை வந்தது. ரெண்டும் முட்டை போட்டுச்சு! ஜோடி இல்ல, ரெண்டு பொண்ணு. அவசரமா ஹவாய்க்குத் தந்தி பறந்தது, விமானத்துல ஒரு ஆண் நேநே வந்து இறங்குச்சு. பேர் கமேஹமேஹா, ஹவாய் ராஜாவோட பேர். இந்த மூணிலிருந்துதான் ஸ்லிம்பிரிட்ஜ் கூட்டம் பெருகுச்சு. 1962ல சுமார் 30 பறவைகளை மாவி தீவுக்கு அனுப்பினாங்க. ரோடு இல்லாத எரிமலைப் பள்ளத்தாக்குக்குள்ள பாய் ஸ்கவுட் பசங்க பெட்டிகளை முதுகுல சுமந்துட்டுப் போய் விட்டாங்க. இன்னிக்கு ஹவாய்ல மூவாயிரத்துக்கு மேல நேநே இருக்கு. ஹவாய்லயே வளர்த்து விட்டதும் இதுல பெரிய பங்கு, எல்லாப் பெருமையும் ஸ்காட்டுக்கு மட்டும் போகாது. ஒரு தகவலைக் கவனிங்க: அதிகமா இருக்கறது காவாய் தீவுல. அங்கதான் கீரி இன்னும் கூட்டமா கால் ஊன்றலை.

இங்க நிறுத்தினா நல்ல கதை. ஆனா இதே ஸ்லிம்பிரிட்ஜிலிருந்து வெளிய போன இன்னொரு பறவையும் இருக்கு.

ரட்டி டக். வட அமெரிக்காவோட சின்ன வாத்து. ஆணுக்குப் பளிச்சுன்னு நீல அலகு. 1940கள் கடைசியில சில ஜோடிகளை ஸ்லிம்பிரிட்ஜுக்குக் கொண்டு வந்தாங்க. குஞ்சுகள் எல்லாத்தையும் பிடிச்சு இறக்கை முனையை வெட்ட முடியலை. 50கள்ல சிலது பறந்து போயிடுச்சு. பிரிட்டன் குளங்கள்ல பெருகி ஆயிரங்களாச்சு. அதுவரைக்கும் யாருக்கும் கவலை இல்ல, அழகான பறவைதானே. அப்புறம் கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போச்சு. அங்க அதோட நெருங்கின சொந்தம் வெண்தலை வாத்து, 1977ல வெறும் 22 வரைக்கும் குறைஞ்சு, அப்பத்தான் மூச்சு விட ஆரம்பிச்ச இனம். ரெண்டும் கலந்து கலப்பினம் வர ஆரம்பிச்சது. இப்படியே போனா வெண்தலை வாத்துங்கிற இனமே கரைஞ்சிடும்னு, இந்த நூற்றாண்டுல பிரிட்டன் அரசு ரட்டி டக்கை ஆயிரக்கணக்குல சுட்டது. அந்த முடிவை ஸ்காட்டோட டிரஸ்ட்டும் ஆதரிச்சது.

கீரியைக் கொண்டு போனவங்களைத் திட்டறது சுலபம். ஆனா ஸ்காட் வாத்துகளை நேசிச்சுக் கொண்டு வந்தவர். வித்தியாசம் நோக்கத்துல மட்டும்தான். வெண்தலை வாத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பறவைகளைக் கூட்டமா சேகரிச்சு வெச்சுக்கற ஆசை வேட்டைக்காலத்திலிருந்து அவர்கிட்ட மிச்சம் இருந்த ஒண்ணோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

அடுத்து வர்றதை வேகமா சொல்லிடறேன். 1961ல டபிள்யூ.டபிள்யூ.எஃப் நிறுவனர்கள்ல ஒருத்தர். லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு வந்திருந்த சி-சிங்கிற பாண்டா அப்போ ஊர் பிரபலம். ஜெரால்ட் வாட்டர்சன்ங்கிறவர் போட்ட ஸ்கெட்சை வெச்சு ஸ்காட் லோகோவை முடிச்சார். கறுப்பு வெள்ளையில அச்சடிச்சா செலவு கம்மிங்கறது கூடுதல் லாபம்.

1963ல இருந்து ஐ.யூ.சி.என்-ல அழிவு அபாயத்துல இருக்கற உயிரினங்களைக் கவனிக்கற குழுவுக்குத் தலைவர். அங்க அவர் முன்னெடுத்ததுதான் ரெட் டேட்டா புக். நம்ம ஆட்களுக்கு இது பிடிக்கும்: அதை அவர் பைண்டிங் புத்தகமா போடலை. பக்கத்தைக் கழட்டி மாட்டற ரிங் ஃபைல்! 1966ல முதல் தொகுதிகள் வந்துச்சு. ஆபத்துல இருக்கற இனத்துக்கு இளஞ்சிவப்புத் தாள், மீண்டு வந்த இனத்துக்குப் பச்சைத் தாள். தகவல் மாறினா பழைய பக்கத்தை எடுத்துட்டுப் புதுசை மாட்டிக்கலாம். கிட் வர்றதுக்கு நாப்பது வருஷம் முன்னாடி ஒரு ஓவியர் வெர்ஷன் கண்ட்ரோலைப் பத்தி யோசிச்சிருக்கார்.

நமக்கு நேரடியா தொடர்புள்ளது ஒண்ணு: ராம்சர். 1971ல ஈரான்ல கையெழுத்தான ஈரநில ஒப்பந்தம். அதுக்கு அடித்தளம் போட்ட சர்வதேச நீர்ப்பறவை ஆய்வு அமைப்பு அப்போ ஸ்லிம்பிரிட்ஜிலிருந்துதான் இயங்குச்சு. தமிழ்நாட்டுல அந்தப் பட்டியல்ல முதல்ல இடம் பிடிச்சது கோடிக்கரை, 2002ல. வேடந்தாங்கலும், மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்து வந்து இறங்கற கூந்தன்குளமும் அப்புறம் சேர்ந்துச்சு.

சரி, ஆரம்பத்துல சொன்ன அந்த ஃபைலுக்கு வருவோம்.

ஸ்லிம்பிரிட்ஜ்ல ஸ்காட்டோட ஸ்டூடியோவுக்கு ஒரு பெரிய ஜன்னல். வெளிய குளம். 1964 பிப்ரவரியில பியூயிக் அன்னங்கள் அந்தக் குளத்துக்கு வந்து இறங்க ஆரம்பிச்சது. ரஷ்யாவோட ஆர்க்டிக் டுண்ட்ராவிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் பறந்து வர்ற பறவைகள். இந்த இனத்துக்குப் பேரே தாமஸ் பியூயிக்ங்கிற மரச்செதுக்கு ஓவியரோட நினைவா வெச்சது. அதை இன்னொரு ஓவியர் ஜன்னல் வழியா பார்த்துட்டு இருந்தார். பார்த்தவர் ஒண்ணைக் கவனிச்சார். இதோட அலகுல கறுப்பும் மஞ்சளும் கலந்திருக்கும். அந்தக் கலவை ஒவ்வொரு பறவைக்கும் வேற மாதிரி. மஞ்சள் எங்க முடியுது, கறுப்பு எப்படி மேல ஏறுது, நடுவுல புள்ளி இருக்கா, இல்லையா. நம்ம கைரேகை மாதிரி.

உடனே வரைய ஆரம்பிச்சார். ஒவ்வொரு அன்னத்துக்கும் முன்பக்கம், பக்கவாட்டுன்னு சின்னப் படம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். மனைவி ஃபிலிப்பாவும், பிள்ளைகளும் சேர்ந்துக்கிட்டாங்க. (மகள் பேர் டஃபிலா. ஊசிவால் வாத்தோட பழைய அறிவியல் பேர். பாவம், வேற வழி இல்ல.) அடுத்த குளிர்காலம் அன்னங்கள் திரும்ப வந்தப்போ ஃபைலைத் திறந்து ஒப்பிட்டாங்க. போன வருஷம் வந்த அதே பறவைகள்! லான்ஸலாட்ங்கிற ஒரு அன்னம் இருபதுக்கும் மேற்பட்ட குளிர்காலங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கு.

இதுல என்ன பெரிசுன்னா, அதுவரைக்கும் ஒரு பறவையைத் தனியா அடையாளம் வைக்கணும்னா பிடிச்சுக் காலுல வளையம் மாட்டணும். இங்க யாரும் பறவையைத் தொடவே இல்ல. எங்க பாஷையில சொல்லணும்னா ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ப்ரைமரி கீ கிடைச்சிடுச்சு. அது வந்ததும் மத்த கேள்வி எல்லாம் கேக்க முடிஞ்சது. யார் யாரோட ஜோடி? குஞ்சு எத்தனை வருஷம் அப்பா அம்மாவோட சேர்ந்து வருது? யார் திரும்பி வரலை? பிரியற ஜோடி இருக்கா? ஸ்லிம்பிரிட்ஜ்ல நாப்பது வருஷத்துக்கு மேல ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் கவனிச்சதுல, ரெண்டும் உயிரோட இருக்கும்போதே பிரிஞ்சதுன்னு 2010 வரைக்கும் பார்த்தது ரெண்டே ரெண்டு. நம்ம பக்கம் நாகர்ஹோளேயில உல்லாஸ் காரந்த் கேமரா வெச்சு, கோடுகளை வெச்சு ஒவ்வொரு புலியையும் தனித்தனியா எண்ணினதும் இதே வகை யோசனைதான். ஸ்காட்கிட்ட கேமரா மென்பொருள் இல்ல. பென்சிலும் பெயின்ட்டும் இருந்துச்சு.

இந்தக் கண்ணு எப்பவும் சரியா பார்த்ததுன்னு சொல்ல வரலை. 1975ல, ஸ்காட்லாந்தோட நெஸ் ஏரியில தண்ணிக்கு அடியில எடுத்த ஒரு மங்கலான போட்டோவைப் பார்த்து, இது ராட்சச விலங்கோட துடுப்புன்னு நம்பிட்டார். 'நேச்சர்' இதழ்லயே அதுக்கு ஒரு லத்தீன் பேரும் வெச்சார், கூட சேர்ந்து அமெரிக்கர் ராபர்ட் ரைன்ஸ். ஒரு ஸ்காட்லாந்து எம்.பி. அந்தப் பேரோட எழுத்துக்களை மாத்திப் போட்டு, 'சர் பீட்டர் எஸ்-ஸின் அரக்கப் புரளி'ங்கிற அர்த்தம் வர்ற மாதிரி வாக்கியம் பண்ணிட்டார். ஊரே சிரிச்சது. அப்போ அவருக்கு சர் பட்டம் வந்து ரெண்டே வருஷம், அதுவும் இயற்கைப் பாதுகாப்புக்காகக் கொடுத்தது.

1970கள்ல ஸ்லிம்பிரிட்ஜ்ல ஒரு காரியம் செஞ்சாங்க. ஆராய்ச்சிக்காகப் பிடிச்ச அன்னங்களை எக்ஸ்ரே எடுத்தாங்க. இந்தப் பறவை வர்ற பாதை முழுக்க, ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்து வரைக்கும், அதைச் சுடறது சட்டப்படி குற்றம். எக்ஸ்ரேயில பார்த்தா ஏறக்குறைய மூணுல ஒரு அன்னத்தோட உடம்புல துப்பாக்கி ரவை. ரவையைச் சுமந்துக்கிட்டே அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, ஜோடியோட, குஞ்சுகளோட வந்து அந்த ஜன்னலுக்கு முன்னாடி இறங்கியிருக்கு. வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. விடியற்கால சேத்துல படுத்து, இதே மாதிரி ரவையை எத்தனையோ பறவைகளுக்குள்ள அனுப்பின ஒருத்தர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கார்.

1989 ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஸ்காட் இறந்தார், எண்பதாவது பிறந்தநாளுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது. அலகை வெச்சு அடையாளம் வைக்கற வேலை அவருக்கு அப்புறமும் தொடருது. ஒரே இனத்தை இத்தனை வருஷமா விடாம கவனிக்கற ஆய்வுகள் உலகத்துலயே சிலதுதான். வடமேற்கு ஐரோப்பாவுக்கு வர்ற பியூயிக் அன்னங்கள் 1995ல சுமார் 29,000 இருந்தது. 2010ல 18,000. ஒவ்வொரு குளிர்காலமும் ஸ்லிம்பிரிட்ஜ்ல யாராவது ஒருத்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வந்திறங்கற அலகுகளை ஃபைலோட ஒப்பிட்டு, வந்தவங்க பேருக்கு நேரா டிக் போடறாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.